கண்ணாடி உடைந்த இரவு

2019 நவம்பர் 21, வியாழக்கிழமை. கலிஃபோர்னியாவில் இரவு எட்டு மணி என்றால் நான் வசிக்கும் மிச்சிகனில் பதினொன்று. மறுநாள் காலை ஒன்பது மணிக்கு அலுவலகத்தில் மீட்டிங் இருந்தது. ஆனாலும் தூங்காமல் மடிக்கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். லாஸ் ஏஞ்சலஸை ஒட்டிய ஹாதோர்ன் என்ற ஊரில் டெஸ்லா நிறுவனம் தன் முதல் மின்சாரப் பிக்கப் டிரக்கை அறிமுகம் செய்கிறது. மேடையில் அதன் தலைமை அதிகாரி எலான் மஸ்க்.

வண்டி வந்தது. பெயர் சைபர்டிரக். எங்கும் வளைவே கிடையாது. நான் மூன்றாம் வகுப்பில் ஸ்கேலை வைத்து நோட்டில் வரைந்த கார் மாதிரியே இருந்தது. உடம்பு முழுக்க வர்ணம் பூசாத துருப்பிடிக்காத எஃகு. அதாவது நம் வீட்டு எவர்சில்வர்.

எஃகின் உறுதியைக் காட்ட, டெஸ்லாவின் தலைமை வடிவமைப்பாளர் ஃப்ரான்ஸ் வான் ஹோல்ட்ஸ்ஹாவுசன் ஒரு சம்மட்டியை எடுத்து முதலில் சாதாரண டிரக் கதவை அடித்தார். அது நசுங்கியது. பிறகு சைபர்டிரக்கின் கதவை அடித்தார். ஒன்றும் ஆகவில்லை. கைதட்டல். அடுத்து கண்ணாடி. மேலே இருந்து இரும்புக் குண்டைத் தனிக் கண்ணாடிகளின் மேல் போட்டுக் காட்டினார்கள். சாதாரணக் கண்ணாடி நொறுங்கியது, டெஸ்லாவின் கண்ணாடி தாங்கியது. மறுபடி கைதட்டல். அதோடு நிறுத்தியிருக்கலாம். குண்டை வண்டியின் மேலேயே எறியச் சொன்னார் மஸ்க். எறிந்தார். முன்பக்க ஜன்னல் சிலந்தி வலை போல விரிசல் விட்டது. கொஞ்சம் பலமாக எறிந்துவிட்டோமோ என்ற பொருளில் மஸ்க் ஏதோ சொல்லிச் சமாளித்தார். பின் ஜன்னலிலும் எறிந்து பார்த்தார்கள். அதுவும் உடைந்தது.

மேடையில் வேறு வண்டி இல்லை. மீதிப் பேச்சு முழுவதையும் இரண்டு உடைந்த ஜன்னல்களுக்கு முன்னால் நின்றபடி மஸ்க் பேசி முடித்தார். ஒரு மென்பொருள் ஆசாமியாக எனக்கு வயிற்றைக் கலக்கியது. டெமோ கொடுத்து அது பாதியில் படுத்துக்கொண்ட அனுபவம் உள்ள எவருக்கும் அந்தச் சில நிமிடங்கள் எவ்வளவு நீளமானவை என்று தெரியும்.

நிற்க. இந்தக் கட்டுரை அந்த வண்டியைப் பற்றியது அல்ல. அதைப் பார்த்துவிட்டு நாம், அதாவது உலகத்தார், என்ன பேசினோம், எதைப் பேசாமல் விட்டோம் என்பதைப் பற்றியது. ஆறு வருடங்கள் கழித்து அதைத் திரும்பிப் பார்க்கும்போது எனக்குச் சில விஷயங்கள் உறைக்கின்றன.

யார் யார் என்ன சொன்னார்கள்

முதலில் வந்தது சிரிப்பு. ஆஸ்திரேலியாவின் லெகோ நிறுவனம் தன் பிளாஸ்டிக் கட்டை ஒன்றுக்குச் சக்கரம் மாட்டிய படத்தைப் போட்டு, இது உடையவே உடையாது என்று உத்தரவாதம் கொடுத்தது. டெஸ்லாவும் சளைக்கவில்லை. உடைந்த ஜன்னல் படம் போட்ட டி-ஷர்ட்டை விற்பனைக்குக் கொண்டுவந்தது!

இரண்டாவது, பணம் போட்டவர்கள். மறுநாள் வெள்ளிக்கிழமை பங்குச் சந்தையில் டெஸ்லாவின் பங்கு ஏறக்குறைய 6 சதவீதம் சரிந்தது.

மூன்றாவது, அழகைப் பற்றிய சண்டை. இது எதிர்காலத்தின் வடிவம் என்றது ஒரு கட்சி, குப்பைத்தொட்டி என்றது இன்னொரு கட்சி. அந்தத் தட்டையான வடிவத்துக்குப் பின்னால் ஒரு தொழில்நுட்பக் காரணம் இருந்ததை மஸ்க் ஓரிரு நாட்களில் விளக்கினார். இவ்வளவு கடினமான எஃகுத் தகட்டைச் சாதாரணக் கார்த் தகடுபோல அச்சில் வைத்து அழுத்தினால் அழுத்தும் இயந்திரமே உடைந்துவிடும், மடிக்கத்தான் முடியும், ஆகவே எல்லாம் தட்டை. ஆனால் ஒரு விளக்கம் கேலிப் படத்தின் வேகத்தில் எங்கே போகும்?

நான்காவது, ஊரில் இருந்து. சனிக்கிழமை வழக்கம்போல் வீட்டுக்குப் போன் போட்டேன். அப்பா எடுத்ததும் கேட்டது, "அங்க ஏதோ புது வண்டி கண்ணாடி உடைஞ்சு போச்சாமே, பாத்தியாப்பா?" வாட்ஸ்அப்பில் வந்திருக்கிறது. வண்டி என்ன விலை, எவ்வளவு தூரம் ஓடும் என்று ஏதாவது வந்ததா என்று கேட்டேன். அதெல்லாம் வரவில்லை என்றார். பின்னால் இருந்து அம்மாவின் குரல்: "அந்தக் குண்டை எறிஞ்ச பிள்ளைக்கு வேலை போயிடுமாடா? பாவம்." நான் படித்த நூற்றுக்கணக்கான எதிர்வினைகளில் மனிதர்களைப் பற்றிக் கவலைப்பட்டது அது ஒன்றுதான்.

ஐந்தாவது, எதிர் வீட்டுக்காரர். டெட்ராய்ட் வட்டாரம் பிக்கப் டிரக்குகளின் தாய்வீடு. ஃபோர்டின் எஃப்-150 பக்கத்திலுள்ள டியர்பார்ன் நகரில்தான் தயாராகிறது. இவர் கார்த் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கோடையில் படகை இழுத்துக்கொண்டு வடக்கே போவார். அவரிடம் அந்த வீடியோவைக் காட்டினேன். கண்ணாடி உடைந்த இடத்தில் லேசாகச் சிரித்தார். பிறகு கேட்டார்: "என் படகை மாட்டிக்கொண்டு ஒரு சார்ஜில் எவ்வளவு தூரம் போகும்? சொன்ன விலைக்குக் கொடுப்பார்களா? எப்போது?"

எனக்குப் பதில் தெரியவில்லை. மூன்று கேள்விகளில் இரண்டுக்கான எண்களை மஸ்க் மேடையில் திரையிலேயே போட்டிருந்தார். நான் பார்த்தேன், ஆனால் மனதில் பதியவில்லை. கண் முழுக்க அந்த விரிசல்மேல்தான் இருந்தது.

கண்ணாடி ஏன் உடைந்தது

முதுகலையில் நான் படித்தது இயந்திரப் பொறியியல். (அதைப் படித்துவிட்டு ஏன் மென்பொருள் எழுதுகிறாய் என்று கேட்காதீர்கள். அது தனிக் கதை.) ஆகவே இதைக் கொஞ்சம் விளக்க ஆசை.

எஃகு போன்ற உலோகம் அளவுக்கு மீறி அடி வாங்கினால் முதலில் வளையும், நசுங்கும். அப்படி நசுங்கும்போது அடியின் சக்தியை உள்வாங்கிக்கொள்ளும். கண்ணாடிக்கு அந்தப் பழக்கம் கிடையாது. தாங்கும், தாங்கும், ஒரு கட்டத்தில் பட்டென்று விரியும். அந்தக் கட்டம் எது என்பதைத் தீர்மானிப்பது கண்ணாடியின் மேற்பரப்பிலும் ஓரங்களிலும் உள்ள, கண்ணுக்குத் தெரியாத நுண்கீறல்கள். ஏ. ஏ. கிரிஃபித் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் 1920-களின் தொடக்கத்திலேயே இதைக் காட்டிவிட்டார். சின்னக் கீறலின் நுனியில் விசை குவிகிறது. அங்கிருந்துதான் விரிசல் ஓடுகிறது. ஒரே மாதிரி தோன்றும் இரண்டு கண்ணாடிகளில் ஒன்று தாங்குவதும் இன்னொன்று உடைவதும் இதனால்தான்.

விழாவுக்கு முன் எடுத்த ஒரு வீடியோவை மஸ்க் மறுநாள் வெளியிட்டார். அதில் அதே மாதிரிக் குண்டு அதே மாதிரி ஜன்னலில் பட்டுத் தெறித்து விழுகிறது. பிறகு அவர் கொடுத்த விளக்கம் இது: மேடையில் முதலில் கதவைச் சம்மட்டியால் அடித்தபோது அந்த அதிர்ச்சியில் கண்ணாடியின் அடிப்பகுதி விரிந்துவிட்டது; அதனால்தான் குண்டு தெறிக்கவில்லை; முதலில் குண்டை எறிந்துவிட்டுப் பிறகு சம்மட்டியால் அடித்திருக்க வேண்டும்.

முன்சொன்ன விளக்கத்தோடு இது பொருந்தவே செய்கிறது. கதவுக்குள் இறங்கியிருக்கும் கண்ணாடியின் ஓரம்தான் அதன் பலவீனமான இடம். மென்பொருள்காரர்களுக்கு இந்த வியாதி நன்றாகத் தெரியும். தனித்தனியாக ஓட்டினால் எல்லாச் சோதனைகளும் வெற்றி. வரிசையாக ஓட்டினால் மூன்றாவது சோதனை தோல்வி. காரணம், முதல் சோதனை எதையோ மிச்சம் வைத்துவிட்டுப் போயிருக்கும்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். குண்டு உள்ளே போகவில்லை. பல கார்களின் பக்கவாட்டு ஜன்னல்கள் சூடுபடுத்திச் சட்டென்று குளிரவைத்த ஒற்றைக் கண்ணாடி. உடைந்தால் கற்கண்டு போலத் தூள் தூளாகக் கொட்டும். இது கொட்டாமல் சிலந்தி வலையாக நின்றது. இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே பிளாஸ்டிக் படலம் வைத்து ஒட்டினால்தான் அப்படி நிற்கும். முன்புறக் கண்ணாடி எல்லாக் கார்களிலும் இப்படித்தான். ஆக, உலகமே சிரித்த அந்தச் சம்பவம் ஒரு பொறியாளரின் பார்வையில் அவ்வளவு பெரிய தோல்வி இல்லை. மேலும், தினமும் காரை ஓட்டுகிறவர் யார்மீது யார் இரும்புக் குண்டை எறியப் போகிறார்கள்?

கயிறு இழுக்கும் போட்டி

அதே விழாவில் இன்னொரு காட்சி காட்டினார்கள். சைபர்டிரக்கையும் ஃபோர்டு எஃப்-150-யையும் பின்னுக்குப் பின் கயிற்றால் கட்டி இழுக்கவிட்ட வீடியோ. சைபர்டிரக், எஃப்-150-யை மேட்டில் தரதரவென்று இழுத்துப் போனது. பலத்த கைதட்டல்.

உண்மையில் அந்த இரவில் கேள்வி கேட்க வேண்டிய காட்சி இதுதான். கயிறு இழுக்கும் போட்டியில் இயந்திரத்தின் பலத்தைவிட முக்கியம் தரையில் உள்ள பிடிப்பு. பிடிப்பு எதைப் பொறுத்தது? ஓட்டும் சக்கரங்களின் மேல் எவ்வளவு எடை அமர்ந்திருக்கிறது, டயர் என்ன, தரை என்ன என்பதைப் பொறுத்தது. காலியாக இருக்கும் பிக்கப் டிரக்கின் பின்பக்கம் லேசானது. பின் சக்கரங்கள் மட்டும் சுழலும் வண்டி என்றால் அவை வழுக்கத்தான் செய்யும். அடியில் கனமான மின்கலத்தை வைத்து, எல்லாச் சக்கரங்களையும் ஓட்டும் வண்டி சுலபமாக ஜெயிக்கும். கோவில் தேர் இழுக்கும்போது செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலை ஊன்றி இழுப்பவனுக்கு உள்ள அனுகூலம் மாதிரி.

வானியற்பியலாளர் நீல் டி கிராஸ் டைசன் எடை விஷயத்தைச் சுட்டிக்காட்டினார். ஃபோர்டின் உயர் அதிகாரி ஒருவர், ஒரு சைபர்டிரக்கை எங்களுக்கு அனுப்புங்கள், சமமான வண்டிகளை வைத்து நாங்களே சோதிக்கிறோம் என்றார். வாருங்கள் பார்க்கலாம் என்று மஸ்க் பதில் சொன்னார். அதோடு சரி. அந்தப் போட்டி நடக்கவேயில்லை.

கண்ணாடி நேர்மையான சோதனை. நம் கண்முன் நடந்து தோற்றது. கயிறு இழுப்பு முன்கூட்டியே எடுத்த படம், அழகாக ஜெயித்தது. நாம் தோற்றதைப் பார்த்துச் சிரித்தோம், ஜெயித்ததற்குக் கைதட்டினோம். எது நமக்கு அதிகத் தகவலைத் தந்தது என்று யோசித்துப் பாருங்கள்.

நூறு டாலர் வாக்கு

எதிர்வினைகளில் மிகப் பெரியது இனிமேல்தான். விழா முடிந்த இரண்டு நாளில், அதாவது நவம்பர் 23 அன்று, 146,000 பேர் முன்பதிவு செய்திருப்பதாக மஸ்க் அறிவித்தார். அடுத்த சில நாட்களில் அது இரண்டரை லட்சம். கண்ணாடி உடைந்ததால் வண்டிக்கு ஏற்பட்ட விளம்பரத்தைப் பார்த்து, இது வேண்டுமென்றே செய்ததோ என்றுகூடச் சிலர் சந்தேகப்பட்டார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. மேடையில் அவர்கள் முகத்தைப் பார்த்தவர்களுக்குப் புரியும்.

முன்பதிவுத் தொகை 100 டாலர். வேண்டாம் என்றால் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். 2016-ல் மாடல் 3 காருக்கு இதே டெஸ்லா வாங்கியது 1,000 டாலர். அந்தக் காரின் அறிவிக்கப்பட்ட விலை 35,000 டாலர். ஆக முன்பணம் ஏறக்குறைய 3 சதவீதம். சைபர்டிரக்கின் ஆரம்ப விலையாகச் சொன்னது 39,900. முன்பணம் கால் சதவீதம்! கால் சதவீதப் பணத்தை, அதுவும் திரும்பக் கிடைக்கும் பணத்தைக் கட்டுவது வாங்குவது ஆகாது. கூட்டமான ஹோட்டலில் சாப்பிடுகிறவர் நாற்காலிக்குப் பின்னால் போய் நிற்பது மாதிரி. இடம் கிடைத்தால் சாப்பிடுவோம், இல்லாவிட்டால் வேறு ஹோட்டல்.

ஆனால் செய்தித்தாள்களில் அது "ஆர்டர்" என்று வந்தது. அந்த எண்ணிக்கையை வைத்துப் பங்கு விலையைப் பேசினார்கள், போட்டி நிறுவனங்களின் எதிர்காலத்தைப் பேசினார்கள். 2023 அக்டோபரில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் பதிவு செய்திருப்பதாக மஸ்க் சொன்னார். அதே கூட்டத்தில், இந்த வண்டியைத் தயாரிப்பது எவ்வளவு கடினம் என்பதைக் குறிப்பிட்டு, எங்கள் குழியை நாங்களே தோண்டிக்கொண்டோம் என்ற அர்த்தத்திலும் பேசினார். அது வெளிப்படையான பேச்சு என்றுதான் சொல்ல வேண்டும்.

சத்தமில்லாமல் உடைந்தவை

இப்போது அந்த இரவு திரையில் இருந்த எண்களுக்கு வருவோம். மூன்று வகை வண்டி சொன்னார்கள். ஒரு மோட்டார்: 39,900 டாலர், 250 மைலுக்கு மேல். இரண்டு மோட்டார்: 49,900 டாலர், 300 மைலுக்கு மேல். மூன்று மோட்டார்: 69,900 டாலர், 500 மைலுக்கு மேல், 14,000 பவுண்டு இழுக்கும். உற்பத்தி 2021 கடைசியில்.

முதல் வண்டிகள் வாடிக்கையாளர்கள் கைக்குப் போனது 2023 நவம்பர் 30. இடம் டெக்சஸ் மாநிலத்தின் ஆஸ்டின். அந்த விழாவிலும் மஸ்க் பேசினார், அந்த விழாவிலும் ஃப்ரான்ஸ் ஜன்னலில் எறிந்தார். இந்த முறை இரும்புக் குண்டு அல்ல, பேஸ்பால் பந்து. உடையவில்லை. கூட்டம் சிரித்துக் கைதட்டியது. (அம்மாவிடம் சொன்னேன், அந்தப் பிள்ளைக்கு வேலை போகவில்லை என்று. நிம்மதியானாள்.)

விலையை மேடையில் சொல்லவில்லை. அது பிறகு நிறுவனத்தின் வலைத்தளத்தில் வந்தது. இரண்டு மோட்டார் வண்டி 79,990 டாலர், 340 மைல். மூன்று மோட்டார் வண்டி 99,990 டாலர், 320 மைல், இழுப்பது 11,000 பவுண்டு. ஒரு மோட்டார் வண்டி 60,990 டாலர், அதுவும் 2025-ல்தான் என்றார்கள்.

நியாயமாகப் பார்க்க வேண்டும் அல்லவா? இடையில் கோவிட் வந்தது, விலைவாசி ஏறியது. 2019 நவம்பருக்கும் 2023 நவம்பருக்கும் இடையில் அமெரிக்காவில் பொதுவான விலைவாசி ஏறக்குறைய 19 சதவீதம் உயர்ந்தது. அதைச் சேர்த்தால் 49,900 என்பது 59,500 அளவுக்கு வரும். வந்த விலையோ 79,990. அதாவது 60 சதவீத உயர்வு. தூரத்துக்கு விலைவாசியைக் காரணம் சொல்ல முடியாது. 500 மைல் எங்கே, 320 மைல் எங்கே? வண்டியின் பின்தட்டில் கூடுதல் மின்கலம் ஒன்றை வைத்தால் 470 மைல் போகும் என்று 16,000 டாலருக்கு ஒரு பொருளை அறிவித்தார்கள். 2025 மே மாதம் அதையும் கைவிட்டார்கள். ஒரு மோட்டார் வண்டி 2025 ஏப்ரலில் 69,990 டாலருக்கு வந்தது. செப்டம்பரிலேயே விற்பனையிலிருந்து எடுத்துவிட்டார்கள். 39,900 டாலர் வண்டியும் 500 மைல் வண்டியும் 2025 முடியும்வரை வரவேயில்லை.

உறுதி விஷயத்திலும் அப்படித்தான். உலகம் கண்ணாடியைப் பற்றிக் கவலைப்பட்டது. ஆனால் 2024 ஏப்ரலில் 3,878 வண்டிகளைத் திரும்ப அழைத்தது ஆக்சிலரேட்டர் மிதியின் உறை நழுவிச் சிக்கிக்கொள்ளக்கூடும் என்பதால். தொழிற்சாலையில் உறையை மாட்டும்போது வழுக்குவதற்காகச் சோப்பைப் பயன்படுத்தியதுதான் காரணம். 2025 மார்ச்சில் 46,096 வண்டிகளைத் திரும்ப அழைத்தது, கூரை ஓரத்தில் ஒட்டிய எஃகுப் பட்டை ஓடும்போது பிரிந்து விழக்கூடும் என்பதால். சம்மட்டிக்கு அசையாத எஃகு சரிதான். அதை ஒட்டிய பசை தாங்கவில்லை. எந்த மேடையிலும் யாரும் பசையைச் சோதித்துக் காட்டுவதில்லை.

அந்த 46,096 என்பது 2025 பிப்ரவரி கடைசி வரை தயாரான அத்தனை வண்டிகளும் ஏறக்குறைய அடங்கிய எண்ணிக்கை. பத்து லட்சம் பதிவு எங்கே, இது எங்கே? வண்டி அதுவரை வட அமெரிக்காவில் மட்டுமே விற்கப்பட்டது என்பதைக் கழித்துக்கொண்டாலும் இடைவெளி பெரிது. நாற்காலிக்குப் பின்னால் நின்றவர்கள் வேறு ஹோட்டலுக்குப் போய்விட்டார்கள்.

எதிர் வீட்டுக்காரரின் மூன்று கேள்விகளும் சரியான கேள்விகள். பெரிய பாரத்தை இழுக்கும்போது மின்சார டிரக்குகளின் தூரம் ஏறக்குறைய பாதியாகிவிடும். மிச்சிகன் குளிரில் இன்னும் குறையும். 500 மைலில் பாதி என்றால் அவர் படகோடு ஏரிக்குப் போய்விடலாம். 320-ல் பாதி என்றால் வழியில் படகைக் கழற்றி வைத்துவிட்டு சார்ஜ் செய்ய வேண்டும். அவருக்கு அது வாழ்க்கைப் பிரச்சினை. கண்ணாடி அல்ல.

என் டெமோ

ஊரார் கதையைப் பேசிவிட்டு என் கதையை மறைப்பது முறையல்ல.

சில வருடங்களுக்கு முன் நான் ஒரு சிறிய மென்பொருள் நிறுவனத்தில் இருந்தேன். ஒரு கிடங்கு நிர்வாகத்தில் எந்தப் பெட்டி எந்த அலமாரியில் என்று கணக்கு வைக்கும் மென்பொருள். வாடிக்கையாளர் முன் டெமோ. பத்தாவது நிமிடம் திரை உறைந்துவிட்டது. எனக்கு வியர்த்துக் கொட்டியது. என் மேலாளர் ஒரு ஜோக் அடித்தார், எல்லோரும் சிரித்தார்கள், மறுபடி ஓட்டினேன், வேலை செய்தது. சிரித்தபின் அறையே இளகிவிட்டது.

அதற்குப் பிறகு கடைசி ஸ்லைடு: ஆறு மாதத்தில் முடித்துத் தருகிறோம். அந்தத் தேதி பொய் என்று எனக்குத் தெரியும். பழைய கணக்கைப் புதிதுக்கு மாற்றும் பகுதியில் ஒரு வரிகூட அப்போது எழுதியிருக்கவில்லை. ஒருவரும் கேட்கவில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை. எல்லோரும் கைகுலுக்கினோம்.

பதினான்கு மாதம் ஆனது. இடைப்பட்ட எட்டு மாதமும் அந்தக் கிடங்கில் வேலை செய்தவர்கள் பழைய முறையிலும் புதிய முறையிலும் இரண்டு தடவை கணக்கை ஏற்றினார்கள். சனிக்கிழமைகளிலும் வந்தார்கள். எல்லாம் முடிந்தபிறகு அங்கே மேற்பார்வையாளராக இருந்த அம்மையார் என்னிடம் சொன்னார்: "அன்றைக்குத் திரை நின்றுபோனதை எப்போதோ மறந்துவிட்டோம். அந்தத் தேதியை நம்பித்தான் என் ஆட்களுக்கு விடுமுறை கொடுத்திருந்தேன்." கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் இன்னும் உறுத்துகிறது.

2019-ல் அந்தக் கண்ணாடியைப் பார்த்துச் சிரித்தவர்களில் நானும் ஒருவன். சிரிப்பு ஒரு வகையில் பேச்சாளருக்கு உதவி செய்கிறது என்பதை என் மேலாளரின் ஜோக்கிலேயே நான் புரிந்துகொண்டிருக்க வேண்டும். எல்லோரும் பார்க்கும்படி ஒன்று உடைந்துவிட்டால், கேட்க வேண்டியதைக் கேட்டுவிட்டோம், பார்க்க வேண்டியதைப் பார்த்துவிட்டோம் என்ற திருப்தி நமக்கு வந்துவிடுகிறது.

எதுவும் உடையாத விழா

எதுவுமே உடையாமல் முடிந்த விழா ஒன்றையும் சொல்ல வேண்டும். 2016 டிசம்பரில் நிகோலா என்ற நிறுவனத்தின் தலைவர் டிரெவர் மில்டன், நிகோலா ஒன் என்ற மின்சார லாரியை சால்ட் லேக் நகரில் மேடையேற்றினார். இது உண்மையிலேயே ஓடும் வண்டி என்றார். நல்ல கைதட்டல். 2018-ல் அந்த லாரி சாலையில் ஓடும் வீடியோவும் வந்தது. 2020 செப்டம்பரில்தான் வெளிப்பட்டது, அந்த லாரி தானாக ஓடவில்லை, சரிவான சாலையில் உருண்டு வந்திருக்கிறது என்று. முதலீட்டாளர்களை ஏமாற்றியதாக 2022 அக்டோபரில் நடுவர் குழு மில்டனைக் குற்றவாளி என்றது. 2023 டிசம்பரில் நான்கு வருடச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. 2025 மார்ச்சில் அதிபர் டிரம்ப் அவருக்கு மன்னிப்பு வழங்கினார். நிறுவனம் அதற்கு முந்தைய மாதமே திவால் மனு கொடுத்துவிட்டது. சேமிப்பைப் போட்ட சாதாரண முதலீட்டாளர்களின் பணம் போனது போனதுதான்.

இரண்டையும் நான் ஒரே தட்டில் வைக்கவில்லை. சைபர்டிரக் உண்மையான வண்டி. தாமதமாக, விலை கூடி வந்தாலும் சாலையில் ஓடுகிறது, எங்கள் ஊரிலேயே பார்க்கிறேன். ஒன்றை மட்டும் சொல்கிறேன். உடைந்த டெமோ பொய் என்றும் உடையாத டெமோ உண்மை என்றும் நாம் எடுத்துக்கொள்கிறோம். இந்த இரண்டு விழாக்களிலும் அந்தக் கணக்கு தப்பாகத்தான் போனது.

இப்போது நான் ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன். எந்த நிறுவனத் தலைவர் எந்த வண்டியை அறிமுகம் செய்தாலும் பார்க்கிறேன், ரசிக்கிறேன். பக்கத்தில் ஒரு காகிதம். அதில் மூன்றே விஷயம்: என்ன விலை சொன்னார், என்ன தூரம் சொன்னார், எந்தத் தேதி சொன்னார். அதைக் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டிவிடுவேன். என் மனைவி கேலி செய்கிறாள், பால் கணக்கு மாதிரி இருக்கிறதாம். இருக்கட்டும்.

அலுவலகத்திலும் டெமோ கொடுக்கும்போது தேதி போட்ட ஸ்லைடை இப்போது கடைசியில் வைப்பதில்லை, முதலில் வைக்கிறேன். எழுதாத பகுதி எது என்பதையும் அதிலேயே சொல்லிவிடுகிறேன். இதனால் ஒரு வாடிக்கையாளர் கையைவிட்டுப் போனதும் உண்டு. திரை இன்னும் அவ்வப்போது உறைகிறது. அதற்கு மருந்து கண்டுபிடிக்கவில்லை.